எந்த எக்கினேசியா? ஒஹையோவிலிருந்து கன்சாஸ் வரை ஒரு செடியைத் தேடி

வெள்ளி, சின்சினாட்டி

அமெரிக்காவில் எந்த மருந்துக்கடைக்குப் போனாலும் சளி, இருமல் மாத்திரைகளுக்குப் பக்கத்தில் எக்கினேசியா என்று எழுதிய டப்பாக்கள் நிற்கும். மேலே ஊதா நிறத்தில் ஒரு பூப்படம்: இதழ்கள் கீழே தொங்க, நடுவில் முள்முள்ளாக ஒரு கூம்பு. இங்கே பலர் வீட்டு வாசலிலும் அதே பூவை வைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் தழை முழுக்கக் கருகிப் போகும், பனி மூடும், வசந்தம் வந்ததும் வேரிலிருந்து மறுபடி கிளம்பும். அந்தச் செடி யாரும் நடாமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல், தானாக வளரும் இடங்களைப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

விருதுநகரிலிருந்து அத்தை வந்திருக்கிறார். தாத்தா நாட்டு மருந்துக்கடை வைத்திருந்தவர். கல்யாணம் ஆகும்வரை அத்தைதான் கடையில் பொட்டலம் மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நயாகரா போகலாமா என்று கேட்டேன். "அருவியெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்டா, நீ சொன்ன அந்தச் செடியைக் காட்டு" என்றார். கொலம்பஸிலிருந்து காரை எடுத்துவிட்டோம்.

முதல் நிறுத்தம் செடி இல்லாத இடம். சின்சினாட்டி நகரத்தின் நடுவில் லாய்ட் நூலகம் இருக்கிறது. ஜான் யூரி லாய்ட், நெல்சன் ஆஷ்லி லாய்ட், கர்டிஸ் கேட்ஸ் லாய்ட் என்று மூன்று சகோதரர்கள், மருந்து தயாரித்துச் சம்பாதித்த பணத்தில் மூலிகைக்காகவே உருவாக்கிய நூலகம். எக்கினேசியா வெள்ளைக்காரர்களின் மருத்துவத்துக்குள் நுழைந்த கதை இந்த ஊரில் நடந்ததுதான்.

நெப்ராஸ்கா மாநிலத்தில் பாவ்னி சிட்டி என்ற ஊரில் மேயர் என்ற பெயருடைய ஒரு ஜெர்மன்காரர். முறையாக மருத்துவம் படித்தவர் இல்லை. ஒரு வேரை வைத்து 'இரத்த சுத்தி' மருந்து தயாரித்து விற்றுவந்தார். பாம்புக்கடி முதல் புண் வரை எல்லாவற்றுக்கும் அதுதான். 1880களின் நடுவில் அந்த வேரை ஜான் யூரி லாய்டுக்கும், டாக்டர் ஜான் கிங்குக்கும் அனுப்பி, இது என்ன செடி என்று கேட்டார். வெறும் வேரை வைத்துச் சொல்ல முடியாது, முழுச் செடியை அனுப்புங்கள் என்றார் லாய்ட். செடி வந்ததும் அது எக்கினேசியா அங்கஸ்டிஃபோலியா, அதாவது குறுகிய இலை கொண்ட வகை, என்று தெரிந்தது. மருந்தின் மேல் மேயருக்கு இருந்த நம்பிக்கை எப்படிப்பட்டது என்றால், வேண்டுமானால் சின்சினாட்டிக்கே வருகிறேன், உங்கள் கண்முன்னால் விரியன் என்னைக் கடிக்கட்டும், நானே மருந்து போட்டுக்கொள்கிறேன் என்று எழுதினார். இவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

லாய்ட் முதலில் இதை நம்பவே இல்லை. கிங் தன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1887இல் எழுதிய பிறகுதான் லாய்ட் நிறுவனம் இறங்கியது. அடுத்த முப்பது வருடங்களில், மூலிகையை நம்பிய எக்லெக்டிக் மருத்துவர்கள் அதிகம் எழுதிக்கொடுத்த மருந்துகளில் ஒன்றாக அது ஆனது. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் மருந்துக் குழுவோ 1909இல் இதைப் பரிசீலிக்கவே தகுதியில்லை என்று ஒதுக்கியது. இந்தச் சண்டை இன்னும் தீரவில்லை.

மேயருக்கு அந்த வேர் எப்படித் தெரிந்தது? அந்தச் சமவெளியில் பாவ்னி, ஒமஹா, லகோட்டா, செயென் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்திய வேர் அது. மெல்வின் கில்மோர் என்ற ஆய்வாளர் மிசோரி ஆற்றுப் பகுதிப் பழங்குடியினரின் தாவர அறிவை 1919இல் எழுதி வைத்திருக்கிறார். பாம்புக்கடிக்கு, பல்வலிக்கு, தீப்புண்ணுக்கு என்று பட்டியல் நீள்கிறது. வின்னபாகோ இனத்தவர் ஒருவர் இந்த வேரால் வாயை மரத்துப்போகச் செய்துகொண்டு, நெருப்புக் கங்கை வாயில் வைத்துக் காட்டியதாகவும் அதில் இருக்கிறது. காய்ந்த கூம்பு தலைசீவவும் பயன்பட்டிருக்கிறது. லாய்டையும் கிங்கையும் படம் போட்டுப் பேசும் பலரும் இந்தப் பகுதியை ஒரே வரியில் கடந்துவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கும்.

சனி, நாஷ்வில் அருகே

டென்னசியில் நல்ல வெயில். கவுச்வில் சீடர் கிளேட் என்ற பாதுகாக்கப்பட்ட இடத்துக்குக் காலை எட்டு மணிக்கே போய்விட்டோம். லாங் ஹன்டர் பூங்காவை ஒட்டியே இருக்கிறது.

கிளேட் என்பது காட்டுக்கு நடுவே இருக்கும் பாறைத் திட்டு. மரம் இல்லை, ஏனென்றால் மண் இல்லை. அடியில் சுண்ணாம்புப் பாறை, அதன் மேல் சில இடங்களில் விரல்கடை மண், சில இடங்களில் அதுவும் கிடையாது. குளிர்காலத்தில் தண்ணீர் தேங்கி நிற்கும். கோடையில் கால் வைக்க முடியாமல் கொதிக்கும். சுற்றிலும் சிவப்பு சீடர் மரங்கள். பார்த்ததும் அத்தை "நம்ம ஊர்ப் பொட்டல்டா இது" என்றார்.

இந்தப் பொட்டலை நம்பி வாழ்வது டென்னசி கோன்ஃபிளவர், எக்கினேசியா டென்னசியென்சிஸ். உலகத்திலேயே நாஷ்வில்லைச் சுற்றியுள்ள மூன்று கவுண்டிகளில் (நம் மாவட்டம் மாதிரி) மட்டும் இயற்கையாக வளரும் செடி. அழிந்துவிட்டது என்றே பல காலம் நினைத்திருந்தார்கள். 1960களின் கடைசியில் மறுபடி கண்ணில் பட்டது. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் எல்ஸி குவார்ட்டர்மன் என்ற பெண் தாவரவியலாளர் இந்தப் பாறைத் திட்டுகளுக்காகவே தன் வாழ்நாளைக் கொடுத்தவர். 103 வயது வரை வாழ்ந்தார். 1979இல் அமெரிக்காவின் அருகிவரும் உயிரினப் பட்டியலில் இந்தச் செடி சேர்ந்தது. நிலத்தை வாங்கிப் பாதுகாத்து, விதை எடுத்துப் புதிய கூட்டங்களை உண்டாக்கி, 2011இல் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். செத்துப் போனதால் எடுக்கவில்லை, பிழைத்துக்கொண்டதால் எடுத்தார்கள். இப்படி ஒரு செய்தி கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது!

பூ முழங்கால் உயரம் கூட இல்லை. டப்பாப் படத்தில் இதழ்கள் கீழே தொங்கும். இதில் மேல்நோக்கி லேசாக வளைந்து நிற்கின்றன. நடுக்கூம்பு பச்சை கலந்த செம்பழுப்பு. குனிந்து பார்த்தால் கூம்பின் ஒவ்வொரு முள்ளுக்கும் இடுக்கில் ஒரு குட்டிப் பூ ஒளிந்திருக்கிறது. கீழிருந்து மேலாக வளையம் வளையமாக விரிகிறது. விரிந்த வளையத்தில் மட்டும் மகரந்தம் மஞ்சளாகத் தூவியிருக்கிறது, ஒரு வண்டு அந்த வளையத்தைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தது. எல்லாப் பூவும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருந்ததை முதலில் கவனித்தது அத்தைதான். ஃபோனில் திசைகாட்டியைத் திறந்து பார்த்தேன். கிழக்கு.

பாறையில் அந்த மண்ணை வைத்துக்கொண்டு எப்படி நிற்கிறது என்று யோசித்தேன். ஆணிவேர் பாறை வெடிப்புக்குள் இறங்கிப் போய்விடுமாம். மேலே மண் தேவையில்லை. வளமான மண் கொடுத்தால் மற்ற செடிகள் வந்து இதை மூடிவிடும். பொட்டல்தான் இதற்குப் பாதுகாப்பு.

ஞாயிறு, கிரே சம்மிட், மிசோரி

நேற்று சாயங்காலமே செயின்ட் லூயிஸ் வந்துவிட்டோம். இன்று அங்கிருந்து மேற்கே ஒரு மணி நேரத்துக்குள் ஷா இயற்கைப் பாதுகாப்பிடம். செயின்ட் லூயிஸின் மிசோரி தாவரவியல் பூங்காவுக்குச் சொந்தமானது. 1925இல் வாங்கிய நிலம். நகரத்தின் நிலக்கரிப் புகையில் செடிகள் செத்துவிடும் என்று பயந்து வெளியே இடம் பார்த்தார்களாம். புகை அடங்கிய பிறகும் நிலத்தை விடவில்லை.

இங்கே இரண்டைப் பார்க்க வேண்டும் என்பது என் திட்டம்.

ஒன்று, மஞ்சள் எக்கினேசியா. எக்கினேசியா பாரடாக்ஸா என்று பெயர். இந்தப் பேரினத்தில் எல்லாம் ஊதாவும் ரோஜா நிறமுமாக இருக்க, இது ஒன்று மட்டும் பளிச்சென்ற மஞ்சள். மிசோரி, ஆர்க்கன்சாவின் ஓசார்க் மலைப்பகுதியில்தான் பெரும்பாலும் இருக்கிறது. இதுவும் பாறைத் திட்டுச் செடிதான், டோலமைட் பாறை. சீசன் முடிகிற நேரம். பல பூக்களில் இதழ் சுருங்கிக் கூம்பு மட்டும் நின்றது. ஆனாலும் ஒரு சரிவில் நல்ல மஞ்சளாக ஏழெட்டுச் செடிகள் இருந்தன. நர்சரிகளில் இப்போது ஆரஞ்சு, தக்காளிச் சிவப்பு என்று எக்கினேசியா விற்கிறார்களே, அதெல்லாம் இந்த மஞ்சளை ஊதாவோடு சேர்த்து உண்டாக்கிய கலப்பினங்கள்.

இன்னொன்று, எக்கினேசியா பர்ப்யூரியா. டப்பாப் படத்தில் இருப்பதும், வீட்டு வாசலில் இருப்பதும் இதுதான். இது பாறைச் செடி இல்லை. காட்டோரத்தில், கொஞ்சம் நிழலும் ஈரமும் உள்ள நல்ல மண்ணில் வளர்கிறது. இலை அகலம், செடி இடுப்பு உயரம். முக்கியமான வித்தியாசம் மண்ணுக்கு அடியில் இருக்கிறது: மற்ற வகைகளுக்கு ஆழமான ஆணிவேர், இதற்குச் சல்லிவேர். அதனால் பிடுங்கி நடலாம், பிரித்து நடலாம், தொட்டியிலும் வரும். உலகம் முழுக்க இது பரவியதற்குக் காரணமே இந்த வேர்தான் என்று நினைக்கிறேன்.

திங்கள், நெடுஞ்சாலை

இன்று முழுக்க வண்டியில்தான். மிசோரியைக் குறுக்கே வெட்டி கன்சாஸ் சிட்டி, அங்கிருந்து எம்போரியா. வழியில் பார்க்க எதுவும் இல்லை. மதியம் கொலம்பியா பக்கத்தில் நிறுத்திக் கட்டுச்சோறு சாப்பிட்டோம்.

அத்தை நேராகக் கேட்டார்: "இது சளிக்குக் கேக்குமா, கேக்காதா?"

எந்த எக்கினேசியா என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. 1930களில் ஜெர்மனியில் மருந்து தயாரித்துவந்த கெர்ஹார்ட் மடாவுஸ் அமெரிக்காவிலிருந்து விதை வரவழைத்தார். அவருக்கு வேண்டியது பழங்குடியினரும் மேயரும் லாய்டும் பயன்படுத்திய குறுகிய இலை வகை. வளர்ந்து பார்த்தால் பர்ப்யூரியா. சரி, இதையே வைத்துச் செய்வோம் என்று பூவோடு செடியின் சாற்றைப் பிழிந்து மருந்தாக்கினார். அதன் பிறகு ஐரோப்பாவில் நடந்த ஆராய்ச்சியில் பெரும்பகுதி இந்தப் பர்ப்யூரியாவை வைத்துத்தான். ஆக, சமவெளி மக்கள் மென்றது ஒரு செடியின் வேர். ஐரோப்பாவில் ஆராய்ந்தது இன்னொரு செடியின் தழை. கடையில் இரண்டும் ஒரே பெயரில் நிற்கின்றன.

அதோடு போகவில்லை. எக்கினேசியா வேர் என்று சந்தைக்கு வந்ததில் பல காலம் வேறு ஒரு வேர் கலந்திருந்தது: பார்த்தீனியம் இன்டெக்ரிஃபோலியம். நம் ஊரில் ரோட்டோரமெல்லாம் மண்டிக் கிடந்து மூச்சுத்திணறல் தருகிறதே பார்த்தீனியம், அதன் நெருங்கிய சொந்தம். பழைய ஆராய்ச்சிகள் சிலவற்றில் எக்கினேசியாவின் வேதிப்பொருள் என்று எழுதியது இந்தக் கலப்பட வேரின் பொருள் என்று 1980களில்தான் தெரியவந்தது.

இனி அத்தையின் கேள்வி. 2005இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வில் 399 பேருக்குச் சளிக் கிருமியைக் கொடுத்து, குறுகிய இலை வகையின் வேரைக் கொடுத்துப் பார்த்தார்கள், பலன் தெரியவில்லை. 2014இல் காக்ரேன் குழு 24 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. சில தயாரிப்புகளில் சின்னப் பலன் இருக்கலாம், ஆனால் தயாரிப்புக்குத் தயாரிப்பு வித்தியாசம் அதிகம், உறுதியாகச் சொல்ல முடியாது என்று முடித்தார்கள். பாம்புக்கடிக்கு இதை நம்பி உட்காரக் கூடாது. ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். சாமந்தி, சூரியகாந்தி குடும்பப் பூக்கள் ஒவ்வாதவர்களுக்கு இதுவும் ஒவ்வாமல் போகலாம். மாற்று உறுப்பு பொருத்தி எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

அத்தை கேட்டுவிட்டு, "கடையில அப்பா முதல்ல பாக்குறது சரக்கு சரியான சரக்கான்னுதான். குணம் எல்லாம் அதுக்கப்புறம்" என்றார். இந்த விஷயத்தில் நான் படித்த கட்டுரைகள் பலவற்றைவிட இது தெளிவு.

செவ்வாய், ஃபிளின்ட் ஹில்ஸ்

இன்றைக்குப் பார்த்ததை எழுதி முடிக்க முடியுமா என்று தெரியவில்லை.

ஸ்ட்ராங் சிட்டிக்கு வடக்கே உயர்புல் பிரெய்ரி தேசியப் பாதுகாப்பிடம். பிரெய்ரி என்றால் மரமில்லாத புல்வெளி. 1996இல் உருவானது, ஏறக்குறைய 11,000 ஏக்கர். வட அமெரிக்காவின் நடுவில் ஒரு காலத்தில் 17 கோடி ஏக்கர் உயர்புல் இருந்தது. மண் அவ்வளவு வளம், அதனாலேயே முழுக்க உழுது மக்காச்சோளமும் சோயாவும் போட்டுவிட்டார்கள். மிஞ்சியது நான்கு சதவீதத்துக்கும் கீழே. அதில் பெரும்பகுதி இந்த மலைச்சரிவுகளில்தான். காரணம் எளிது: சுண்ணாம்புப் பாறைக்குள் சக்கிமுக்கிக் கல் பொதிந்து கிடக்கிறது, ஏர் இறங்கவில்லை. உழ முடியாததால் மாட்டை மேயவிட்டார்கள். புல் பிழைத்தது.

காலையில் மேட்டில் ஏறினோம். கண்ணுக்கு எட்டும் தூரம் வரை பச்சை, மரமே இல்லை, காற்று மட்டும் நிற்காமல் அடிக்கிறது. தூரத்தில் பைசன் என்ற அமெரிக்கக் காட்டெருமைக் கூட்டம். 2009இல் கொண்டுவந்து விட்டவை. பக்கத்தில் போகக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள், நாங்களும் சுற்றிப் போனோம்.

ஜூன் மாதத்தில் புல் இன்னும் முழு உயரம் எட்டவில்லை. அதனால் பூக்கள் புல்லுக்கு மேலே தெரிகின்றன. ஆரஞ்சு நிறத்தில் எருக்கின் சொந்தமான பட்டாம்பூச்சிப் பால்செடி, சாம்பல் இலையோடு லெட்பிளான்ட், அப்புறம் நான் தேடிவந்த எக்கினேசியா அங்கஸ்டிஃபோலியா. பாறை வெளியே தெரியும் சரிவுகளில், முழங்காலுக்குக் கீழே, வெளிறிய ரோஜா நிறத்தில். தோட்டத்துப் பூவோடு ஒப்பிட்டால் சின்னது, இதழும் குட்டை. தண்டையும் இலையையும் தொட்டால் சொரசொரப்பு, வெள்ளை முடி நட்டுக்கொண்டு நிற்கிறது. கூம்பின் முள் நுனிகள் வெயிலில் செம்பாக மின்னுகின்றன. உள்ளங்கையால் லேசாக அழுத்தினேன், குத்துகிறது. தலைசீவினார்கள் என்பதை இப்போது நம்ப முடிகிறது.

வசந்தத்தில் இங்கே புல்லைக் கொளுத்துவார்கள். எரிந்த தரையிலிருந்துதான் இந்தப் பூ வருகிறது. செடியின் உயிர் கீழே இருக்கிறது. ஆணிவேர் ஐந்தாறு அடிக்கு மேலும் இறங்கும். தீ, பனி, மாட்டின் வாய், வறட்சி எல்லாம் மேலே உள்ளதைத்தான் எடுக்க முடியும். அந்த வேரையே தோண்டி எடுக்கும் மனிதனிடம் மட்டும் அதற்குத் தற்காப்பு குறைவு.

புதன், ரூக்ஸ் கவுண்டி

மேற்கே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டி வந்தோம். புல் குட்டையாகிறது, மழை குறைகிறது, வானம் பெரிதாகிறது. இந்தப் பகுதியில் நூறு வருடங்களுக்கும் மேலாக எக்கினேசியா வேர் தோண்டி விற்கிறார்கள். லாய்ட் காலத்திலிருந்து வேர் இங்கிருந்துதான் போனது.

நண்பர் ஒருவர் மூலமாக ஒரு மாட்டுப் பண்ணைக்காரரைப் பார்த்தோம். எழுபது வயது இருக்கும். சின்ன வயதில் பள்ளி விடுமுறையில் வேர் தோண்டித்தான் கைச்செலவுக்குச் சம்பாதித்தாராம். எங்களுக்காக ஒரே ஒரு செடியைத் தோண்டிக் காட்டினார். சிறு பிக்காஸ், செடிக்குப் பக்கத்தில் ஒரு குத்து, நெம்பல். ஒரு சாண் வேர் முறிந்து வந்தது, மீதி அடியிலேயே நின்றுவிட்டது. முழுசாக யாராலும் எடுக்க முடியாது என்றார். விரல் தடிமன், மேலே கறுப்புப் பழுப்பு, வெட்டினால் உள்ளே வெளுப்பு, நடுவிலிருந்து கருங்கோடுகள். கத்தியால் சீவி ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார்.

முதலில் லேசான இனிப்பு, மண்வாசனை. இவ்வளவுதானா என்று நினைக்கும்போது நாக்கு நுனி விறுவிறுவென்று ஆனது. அப்புறம் வாய் முழுக்க. எச்சில் ஊறிக்கொண்டே வருகிறது, உதடு மரத்துப்போகிறது. அத்தை கண்ணை விரித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "டேய், இது அக்கரகாரம்டா!"

உண்மைதான். அக்கரகாரமும் இதே சூரியகாந்திக் குடும்பத்து வேர்தான், வட ஆப்பிரிக்காவிலிருந்து நம் கடைகளுக்கு வருவது. பல்வலிக்கும் தொண்டைக்கும் அதையும் இப்படித்தான் மெல்லச் சொல்வார்கள். இரண்டிலும் நாக்கை விறுவிறுக்க வைப்பது அல்கமைடு என்ற ஒரே வகை வேதிப்பொருள்கள். லகோட்டா மக்களும் நம் சித்த மருத்துவர்களும் ஒருவரை ஒருவர் அறியாமலே, நாக்கைச் சாட்சியாக வைத்துப் பல்வலிக்கு ஒரே மாதிரி வேரைப் பிடித்திருக்கிறார்கள். தாத்தா கடையில் அக்கரகாரம் எந்த டப்பாவில் இருந்தது, வாங்க வருபவர்கள் யார் என்று அத்தை பண்ணைக்காரரிடம் சொல்லச் சொல்ல, நான் மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தேன். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டார்.

பர்ப்யூரியா வேரில் இந்த விறுவிறுப்பு குறைவு. அதனால் வேர் வாங்குகிறவர்கள் இன்றும் கடித்துப் பார்த்துத்தான் தரம் சொல்வார்கள் என்றார். சரக்கு சரியான சரக்கா என்று பார்க்கும் வழி இங்கேயும் அதுதான்.

1990களில் எக்கினேசியா மோகம் உச்சத்தில் இருந்தபோது, கேட்காமலே பிறர் நிலத்தில் புகுந்து லோடு லோடாகத் தோண்டிப் போனார்கள். வட டகோட்டா 1999இல் இதற்கென்றே சட்டம் போட வேண்டியிருந்தது. கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் கெல்லி கின்ட்ஷர் குழுவினர் கன்சாஸிலும் மொன்டானாவிலும் தோண்டிய இடங்களைத் தொடர்ந்து கவனித்ததில், அடியில் முறிந்து நின்ற வேர்களில் ஏறக்குறைய பாதி மறுபடி துளிர்த்தன. பாதி துளிர்க்கிறது என்பது ஆறுதல். மீதிப் பாதி போய்விடுகிறது என்பதும் அதே கணக்குத்தான். விதையிலிருந்து வருவதற்குக் குளிரும் ஈரமும் சில மாதம் வேண்டும், வேர் விற்கும் அளவுக்குத் தடிக்க மூன்று நான்கு வருடம் ஆகும். பயிராக வளர்க்கிறார்கள்தான், ஆனால் காத்திருக்க முடியாதவர்கள் இன்னும் புல்வெளிக்குத்தான் வருகிறார்கள்.

பண்ணைக்காரர் தன் நிலத்தில் ஒரு முறை வைத்திருக்கிறார். பூ முற்றி விதை உதிர்ந்த பிறகுதான் தோண்ட விடுவார். குழியை மூடாமல் போனவரை மறுவருடம் உள்ளே விடமாட்டார். மழை பொய்த்த வருடம் யாருக்கும் அனுமதி இல்லை. இந்த வருடம் மழை போதாது, அதனால் கிடையாது என்றார்.

யாராவது போவதாக இருந்தால்: டென்னசி, ஃபிளின்ட் ஹில்ஸ் இரண்டுக்கும் ஜூன் நடு வாரங்கள் சரி, மஞ்சள் எக்கினேசியாவுக்கு மே கடைசியிலேயே மிசோரி போய்விடுங்கள். பாதுகாப்பிடங்களில் ஒரு இதழ் கூடப் பறிக்கக் கூடாது. மருந்தாக வாங்குவதானால் எந்த வகை, வேரா தழையா, பயிரிட்டதா காட்டில் எடுத்ததா என்று டப்பாவில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கன்சாஸில் ஏறக்குறைய எல்லா நிலமும் தனியாருடையது. சாலையோர வேலியிலிருந்தே பூ நன்றாகத் தெரியும், உள்ளே போக வேண்டுமானால் வீட்டுக் கதவைத் தட்டிக் கேளுங்கள்.